100 ரூபாய்ப் பை: வாடிக்கையாளர்களுக்கு ஒரு மடல்

அன்புள்ள வாடிக்கையாளர்களுக்கு வணக்கம்.

இரண்டு வாரமாக நம் பகுதி வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு கத்தரிக்காய்ப் படம் சுற்றுகிறது. பிளந்த காய், உள்ளே புழு. கீழே, "மாட்டுக்குப் போடுவதை மனுஷனுக்கு விற்கிறார்கள்" என்று ஒரு வரி. காய் நம் கடையின் 100 ரூபாய்க் காய்கறிப் பையில் வந்ததுதான், மறுக்கவில்லை. வாங்கிய அம்மாவின் வீட்டுக்கே போய் மன்னிப்புக் கேட்டேன். ஆனால் அந்த ஒரு வரி என்னைத் தூங்க விடவில்லை.

பையில் என்ன போடுகிறோம் என்று உங்களுக்குத் தெரியும். இருந்தாலும் சொல்லிவிடுகிறேன். ஒட்டன்சத்திரம் மார்க்கெட்டில் கேரளாவுக்கு லாரி ஏற்ற நேரான முருங்கை, ஒரே அளவுத் தக்காளி என்று பொறுக்கி எடுத்துவிடுவார்கள். மிச்சம் நிற்பது வளைந்த புடலை, முற்றாத சின்னச் சுரைக்காய், எலுமிச்சை அளவில் கடைசிப் பறிப்புத் தக்காளி. அதே செடி, அதே நாள் பறித்த காய். விலைதான் பாதி. அதைத்தான் குட்டியானை வண்டியில் திண்டுக்கல் கொண்டு வருகிறோம். சொத்தையும் அழுகலும் வேறு. அதற்குக் கடையின் பின்பக்கம் தனிக் கூடை உண்டு, மாடு வைத்திருப்பவர் வந்து எடுத்துப் போவார். அந்தக் கூடையிலிருந்து ஒரு காய்கூட உங்கள் பைக்கு வந்ததில்லை. இதை எந்தக் கோயிலில் வேண்டுமானாலும் வந்து சொல்வேன்.

அப்புறம் புழு எப்படி வந்தது? பதினோரு வருஷமாக நம்மிடம் காய் பொறுக்கிய அக்கா, மகள் பிரசவத்துக்காக ஊருக்குப் போய்விட்டார். கத்தரியைக் கையில் எடுத்ததும் காம்போடு ஒட்டிய பச்சை மூடியை நகத்தால் தூக்கிப் பார்ப்பார். புழு நுழைந்த துளை அதற்கடியில் ஊசி முனை அளவில்தான் இருக்கும், காய் வெளியே பளபளவென்று தெரியும். புதிதாக வந்த தம்பிக்கு இது தெரியாது. சொல்லிக் கொடுக்காதது என் தப்பு. இப்போது கத்தரியை மட்டும் நானே பார்த்துப் போடுகிறேன்.

2023 ஆடியில் தக்காளி கிலோ 100 ரூபாயைத் தாண்டியது நினைவிருக்கும். ரேஷன் கடைகளில்கூட அரசு தக்காளி விற்றது. அப்போது ஒரு அக்கா நாலு தக்காளியை எடைபோடச் சொல்லி, விலையைக் கேட்டு, இரண்டைத் திரும்ப வைத்துவிட்டுப் போனார். அந்த வாரம்தான் இந்தப் பையைத் தொடங்கினோம். ஆளுக்கு ஒரு நாளைக்குக் காயும் பழமுமாக 400 கிராமாவது வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். நாலு பேர் உள்ள வீட்டுக்கு அது ஒன்றரைக் கிலோவுக்கு மேல். முதல் ரகமாகவே பார்த்து வாங்கக் கூலி வேலைக்குப் போகிற வீட்டில் எப்படி முடியும்? முள்ளங்கி வந்தால் கீரையைக் கிள்ளி எறியாதீர்கள், பாசிப்பருப்பு போட்டுக் கூட்டு வைத்தால் ஒரு வேளைக்கு ஆகும்.

வண்டி வாடகையும் சுமைக்கூலியும் ஏறியதால் பை ஐந்து கிலோவுக்குப் பதில் இனி நாலே கால் கிலோ, விலை அதே 100.

படம் வந்த மறுநாள் காலையில் கடை திறக்கும் முன்பே வந்து நின்று, "எப்போதும் போல இரண்டு பை போடுப்பா" என்ற பெரியவருக்கும், குழுவிலேயே எங்களுக்காகப் பேசிய அம்மாக்களுக்கும் என்ன சொல்வதென்றே தெரியவில்லை. ரொம்ப நன்றி.

காய் சரியில்லை என்றால் அன்றைக்கே சொல்லுங்கள், மாற்றித் தருகிறோம். வெட்டிய பிறகு தெரிந்தாலும் சரி, கொண்டு வர வேண்டாம், வாயால் சொன்னாலே போதும்.

இப்படிக்கு,
உங்கள் காய்கறிக் கடைக்காரர்