கச்சான் நாளில் உப்புவெளிக் கடலில் துடுப்புப் பலகை

ஆசிரியர் அவர்களுக்கு,

கடந்த ஜூலை மாதத்துச் சனிக்கிழமை ஒன்றின் காலையில், உப்புவெளிக் கடற்கரையில் வாடகைக்கு எடுத்த இரண்டு துடுப்புப் பலகைகளில் (நின்றபடி துடுப்புப் போட்டுச் செல்லும் மிதவைப் பலகைகள்) ஏறிய ஓர் இளந்தம்பதியைக் கச்சான் காற்று முக்கால் மணி நேரத்துக்குள் கரையிலிருந்து பார்த்தால் புள்ளியாகத் தெரியும் தூரத்துக்குக் கொண்டுபோய்விட்டது. அந்தப் பெண் என் மச்சாளின் மகள். திருமணமாகி நான்கு மாதங்களே ஆன அவளும் கணவரும் வவுனியாவிலிருந்து வார இறுதியைக் கழிக்க எங்கள் வீட்டுக்கு வந்திருந்தார்கள். முதல் நாள் கோணேசர் கோயிலுக்கும் கன்னியா வெந்நீர்க் கிணறுகளுக்கும் போய்வந்து, மறுநாள் காலை "மாமி, ஒரு மணித்தியாலத்தில் வந்துவிடுவோம்" என்று சொல்லிவிட்டுக் கடலுக்குப் போனார்கள்.

பலகையைக் கொடுத்தவர் பணத்தை வாங்கினார். துடுப்பை எப்படிப் பிடிப்பது என்று காட்டினார். உயிர்காப்பு அங்கி கொடுக்கப்படவில்லை. பலகையோடு காலைப் பிணைக்கும் வார் ஒரு பலகையில் அறுந்திருந்தது, மற்றதில் இல்லவே இல்லை. அன்றைய காற்றைப் பற்றி எவரும் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கரையில் வலை பொத்திக்கொண்டிருந்த மீனவர் ஒருவர் தற்செயலாக நிமிர்ந்து பார்த்து, தம் ஃபைபர் படகை இறக்கிப் போய் இருவரையும் கொண்டுவந்து சேர்த்தார். எரிபொருளுக்குக்கூட அவர் பணம் வாங்க மறுத்துவிட்டார். "கடல் தட்டையா இருக்குதெண்டு நம்பிப் போயிருக்காங்க ரீச்சர். கச்சானுக்குக் கரை எப்பவும் தட்டையாத்தான் கிடக்கும்" என்று அவர் சொன்னதை நான் இன்னும் நினைத்துக்கொண்டிருக்கிறேன். முப்பது ஆண்டுகள் புவியியல் படிப்பித்த எனக்கு, இந்த ஆபத்தை இதைவிடத் தெளிவாகச் சொல்ல வராது.

தென்மேற்குப் பருவக்காற்று மலைநாட்டின் மேற்குச் சரிவில் மழையைக் கொட்டிவிட்டு, வறண்டு சூடேறி, கிழக்குக் கரைக்குக் கச்சானாக வந்து சேருகிறது. அது தரையிலிருந்து கடலை நோக்கி வீசுவதால் கரையோரத்தில் அலையை எழுப்புவதில்லை; அலையை அமுக்குகிறது. கரையில் நிற்பவருக்குக் கடல் குளம்போலத் தெரியும். நூறு, இருநூறு மீற்றர் தள்ளிப் போன பின்னரே காற்றின் வலிமை விளங்கும். நின்றபடி துடுப்புப் போடுபவரின் உடலே ஒரு பாய்மரமாகிவிடுகிறது. காற்றடைத்த பலகையோ பாரமற்றது, நீருக்குள் ஆழ இறங்காதது. பழக்கமில்லாத ஒருவர் அந்த நிலையில் கரையை நோக்கி வலிக்க வலிக்கப் பின்னோக்கியே போவார். உடனே முழந்தாளிட்டு, தேவைப்பட்டால் பலகையில் குப்புறப் படுத்துக் கைகளால் வலிக்க வேண்டும் என்பதையும், என்ன நேர்ந்தாலும் பலகையை விட்டுவிட்டு நீந்தக் கூடாது என்பதையும் முன்கூட்டியே சொல்லிக்கொடுக்க ஐந்து நிமிடம்கூட ஆகாது. எங்கள் மருமகன் பலகையை விட்டுவிட்டு நீந்தவே நினைத்திருந்தார். கால்வார் இல்லாத பலகை மனிதர் நீந்துவதைவிட வேகமாகக் காற்றோடு போய்விடும் என்பது அவருக்குத் தெரிந்திருக்கவில்லை.

இதை இவ்வளவு விரிவாக எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. சென்ற ஆண்டு ஒக்டோபரில் நானும் என் கணவரும் அமெரிக்காவின் அரிசோனா மாநிலத்தில் வசிக்கும் என் தம்பியிடம் போயிருந்தபோது, ஒரு வார இறுதியில் அவன் எங்களைப் பீனிக்ஸ் நகரிலிருந்து நான்கரை மணி நேரம் வடக்கே பேஜ் என்னும் சிற்றூருக்கு அழைத்துச் சென்றான். கொலராடோ ஆற்றை மறித்துக் கட்டப்பட்ட கிளென் கென்யன் அணைக்குப் பின்னால், 1963 முதல் நீர் தேங்கி உருவான பவல் ஏரி அங்கே பாலைநிலத்தின் நடுவே கிடக்கிறது. அந்த ஏரியின் கிளையொன்று அன்டிலோப் கென்யன் எனப்படும் பாறைப் பள்ளத்தாக்குக்குள் புகுந்து செல்கிறது. அறுபதைத் தாண்டிய நாங்கள் இருவரும் அங்கேதான் முதன்முதலாகத் துடுப்புப் பலகையில் ஏறினோம்.

பகல் ஏறினால் காற்றும் விசைப்படகுகளின் அலையும் கூடிவிடும் என்பதற்காகக் காலை ஏழு மணிக்கே எங்களை நீரில் இறக்கினார்கள். அந்த நாட்டில் துடுப்புப் பலகை விளையாட்டுப் பொருளாகக் கணிக்கப்படுவதில்லை. நீச்சல் பகுதிக்கும் அலைச்சறுக்குப் பகுதிக்கும் அப்பால் போனால் அதுவும் ஒரு படகே என்று அமெரிக்கக் கடலோரக் காவற்படை 2008இல் தீர்மானித்துவிட்டது. ஆகவே ஆளுக்கொரு உயிர்காப்பு அங்கி பலகையில் இருந்தே ஆகவேண்டும்; 13 வயதுக்குக் குறைந்த பிள்ளைகள் அதை அணிந்தே இருக்க வேண்டும். எங்களையும் அணியச் செய்த பின்னரே துடுப்பைக் கையில் தந்தார்கள். தெப்பத்தில் முழந்தாளிட்டுத் துடுப்புப் போடும் மீனவரைப் பார்த்து வளர்ந்தவள் என்பதாலோ என்னவோ, எனக்கு நிற்பதைவிட முழந்தாளில் இருந்து வலிப்பதே இலகுவாக இருந்தது. உள்ளே போகப் போக இருபுறமும் செம்மண் நிறப் பாறைச் சுவர்கள் நெருங்கி வந்தன. நீர்மட்டத்துக்கு வெகு மேலே சுவரில் வெள்ளையாக ஒரு பட்டை ஓடியது. முன்பு அந்த உயரம்வரை நின்ற நீர் விட்டுச்சென்ற சுண்ணாம்புப் படிவு அது. 2023 பெப்ரவரியில் அந்த ஏரி, நிரம்பிய காலத்துக்குப் பின் அதுவரை காணாத தாழ்ந்த மட்டத்துக்கு இறங்கியிருந்ததாம். நீர் முடிந்த இடத்தில் பலகைகளை மணலில் ஏற்றிவிட்டுச் சற்றுத் தூரம் நடந்தோம். ஏறத்தாழ 19 கோடி ஆண்டுகளுக்கு முன் காற்றுக் குவித்த மணல்மேடுகள் இறுகிப் பாறையாகி, பின்னர் வெள்ளம் அறுத்த இடம் அது. கரும்பலகையில் எத்தனையோ தடவை நான் வரைந்து காட்டிய குறுக்குப் படுகையை, அதாவது காற்றுக் குவித்த மணல் பாறைக்குள் விட்டுச்சென்ற சாய்ந்த அடுக்குகளை, கையால் தொட்டுப் பார்த்தபோது கண் கலங்கிவிட்டது.

மறுநாள் தரைவழியாக அன்டிலோப் கென்யனின் கீழ்ப் பள்ளத்தாக்குக்குள் இறங்கினோம். அது நவஹோ பழங்குடி மக்களின் நிலம். அவர்களுடைய வழிகாட்டி இல்லாமல் எவரும் உள்ளே போக முடியாது. 1997 ஓகஸ்ட் 12ஆம் திகதி, அந்த இடத்தில் மழை பெரிதாக இல்லாதபோதே, பல மைல் தொலைவில் கொட்டிய இடிமழையின் நீர் அந்த இடுக்குக்குள் திடீரெனப் பாய்ந்து 11 சுற்றுலாப் பயணிகளைக் கொன்றது. அப்போது உள்ளே இருந்த மர ஏணிகளையும் வெள்ளம் கொண்டுபோய்விட்டது. இன்று பாறையோடு பொருத்திய உறுதியான படிகள் இருக்கின்றன, வானிலை வானொலி இருக்கிறது, எச்சரிக்கை ஒலி இருக்கிறது. வானம் கறுத்தால், அது எவ்வளவு தூரத்தில் கறுத்தாலும், பயணம் நிறுத்தப்படும் என்று எங்கள் வழிகாட்டிப் பெண் முதலிலேயே சொன்னார். அங்கே ஆபத்து கண்ணுக்குத் தெரியாத தூரத்து மழையில் இருக்கிறது. இங்கே அது தட்டையாகத் தெரியும் கடலில் இருக்கிறது. இரண்டையும் முன்கூட்டி அறிந்து சொல்லக்கூடியவர்கள் அந்தந்த நிலத்தின் மக்கள்தாம். நவஹோ மக்களிடம் அந்தத் தீர்மானம் ஒப்படைக்கப்பட்டிருக்கிறது. எங்கள் மீனவரிடமோ எவரும் கேட்பதில்லை. ஆள் அடித்துச் செல்லப்பட்ட பிறகே அவரைக் கூப்பிடுகிறார்கள்.

ஆகவே பிரதேச சபையையும், சுற்றுலாத்துறைக்குப் பொறுப்பான அதிகாரிகளையும், பொலிஸ் உயிர்காப்புப் பிரிவினரையும் நான் கேட்டுக்கொள்வது இதுதான்: உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் துடுப்புப் பலகையைப் படகாகக் கருதி, அதை வாடகைக்கு விடுவோருக்கு அனுமதிப் பத்திரத்தைக் கட்டாயமாக்க வேண்டும், உயிர்காப்பு அங்கியும் கால்வாரும் இல்லாமல் ஒரு பலகையும் நீரில் இறங்கக் கூடாது, ஒவ்வொரு நாள் காலையும் கடலுக்குப் பலகை போகலாமா கூடாதா என்று தீர்மானிக்கும் பொறுப்பை அந்தந்தக் கரையின் மீனவர் சங்கம் நியமிக்கும் அனுபவசாலி ஒருவரிடம், உரிய ஊதியத்தோடு, ஒப்படைக்க வேண்டும். கச்சான் எழுந்த நாளில் அவர் சிவப்புக் கொடி ஏற்றினால் விடுதிக்காரரும் வாடகைக்காரரும் அதற்குக் கட்டுப்பட வேண்டும். அத்தகைய நாட்களில் உள்துறைமுகத்தின் ஒதுக்கான நீரிலோ களப்புகளிலோ, உரிய அனுமதியுடன், மீனவர்களே வழிகாட்டிகளாகத் தம்பதிகளை அழைத்துச் செல்லலாம். அது மீன்பாடு குறைந்த குடும்பங்களுக்கு ஒரு வருமானமாகவும் அமையும்.

இந்தக் கட்டுப்பாடுகள் வந்தால் பயணிகள் வரமாட்டார்கள் என்று ஒரு விடுதியில் பணிபுரியும் இளைஞர் என்னிடம் சொன்னார். அவருடைய கவலை எனக்குப் புரிகிறது. போரும் கடற்கோளும் நோய்த்தொற்றும் மாறி மாறி எங்கள் கரையின் பிழைப்பைக் கெடுத்திருக்கின்றன. ஆனால் அரிசோனாவில் எங்களை வழிகாட்டி இல்லாமல் விடமாட்டோம் என்று சொன்னதால் நாங்கள் திரும்பிப் போகவில்லை. வரிசையில் நின்று பணம் கட்டி உள்ளே போனோம். திருகோணமலை மக்கள் நீரில் பிள்ளைகளைப் பறிகொடுத்த துயரம் அறியாதவர்களும் அல்லர். 2021 நவம்பரில் குறிஞ்சாக்கேணியில் பயணிகளை ஏற்றிச்சென்ற மிதவை கவிழ்ந்து பாடசாலைப் பிள்ளைகள் உள்ளிட்டோர் இறந்த காலையை நாங்கள் எவரும் மறக்கவில்லை.

வடகிழக்கிலிருந்து வீசும் வாடைக் காற்று தொடங்கினால் கடல் தானாகவே பலகைகளைக் கரையேற்றிவிடும். அடுத்த பருவம் சித்திரையை ஒட்டித் தொடங்குவதற்குள் மீனவரையும் விடுதிக்காரரையும் அதிகாரிகளையும் ஒன்றாக இருத்தி ஒரு கூட்டம் கூட்டுவதற்கு இந்த மாதங்கள் போதும். கரையில் நாட்ட வேண்டிய எச்சரிக்கைப் பலகையின் வாசகத்தைத் தமிழிலும் சிங்களத்திலும் எழுதித் தர நானும், என்னிடம் படித்து இன்று ஆசிரியர்களாக இருக்கும் சிலரும் ஆயத்தமாக இருக்கிறோம்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற புவியியல் ஆசிரியை,
உப்புவெளி, திருகோணமலை.