துரொம்சோவிலிருந்து தம்பிக்கு

துரொம்சோ, நோர்வே
டிசெம்பர் நடுப்பகுதி

அன்புள்ள தம்பிக்கு,

உன்ர கடிதம் கிடைச்சுது. அம்மாவுக்குக் கால்நோவு குறைஞ்சிட்டுது எண்டு எழுதினது பெரிய ஆறுதல். இஞ்ச எல்லாரும் சுகம்.

இரண்டு மாசம் சூரியனே வராத ஊரில இருந்து என்னத்தைப் படம் எடுக்கிறியள் எண்டு கேட்டிருந்தாய். துரொம்சோ 69 பாகைக்கும் மேல வடக்கில கிடக்கு. நவம்பர் 27 போல சூரியன் கீழ போனால் ஜனவரி நடுப்பகுதி வரைக்கும் எழும்பாது. சுத்திவர மலை நிக்கிறதால ஊருக்குள்ள வெயில் விழ 21ஆந் திகதி ஆகும். அண்டைக்கு ஊரே ஜாம் வைச்ச பணிஸ் வாங்கித் தின்னும். ஆனால் நீ நினைக்கிற மாதிரிக் கும்மிருட்டு இல்லை. மத்தியானத்தை ஒட்டி மூண்டு நாலு மணித்தியாலம் தெற்கு வானம் ரோஸ் நிறமாக் கிடக்கும், பனி முழுக்க நீலம். அங்க யாழ்ப்பாணத்தில சூரியன் நேரா இறங்கிறபடியால் அந்தி வெளிச்சம் கெதியா முடிஞ்சிடும். இஞ்ச அது அடிவானத்துக்குக் கீழ சரிஞ்சு சரிஞ்சு போறதால அதே வெளிச்சம் மணிக்கணக்கா நிக்கும். படம் எடுக்கிறவனுக்கு இதைவிட என்ன வேணும்?

இரண்டு விஷயத்தில மட்டும் கமராவை நம்பக்கூடாது. வெள்ளைப் பனியைக் கண்டால் அது சாம்பலாக்கிப் போடும், அதால எக்ஸ்போஷரை, அதாவது உள்ளுக்கு விடுற வெளிச்சத்தை, ஒண்டு, ஒண்டரை ஸ்டொப் (ஒரு ஸ்டொப் எண்டால் இரண்டு மடங்கு) கூட்டி வைக்கவேணும். நிறத்தைச் சரிக்கட்டுற வைட் பலன்ஸை ஓட்டோவில விட்டால் நீலத்தைத் துடைச்சிடும், பகல்வெளிச்சத்தில வைச்சிரு.

வடதுருவ ஒளியை, அதுதான் இரவு வானத்தில ஆடுற அந்தப் பச்சை வெளிச்சத்தை, பற்றிக் கேட்டாய். உல்லாசப் பயணிகள் எல்லாரும் ஃபோனில கேபி எண்ணை (பூமியின்ர காந்தப்புலம் எவ்வளவு குழம்பியிருக்கெண்டு 0 இலிருந்து 9 வரைக்கும் காட்டுறது) பாத்துப் பாத்து ஏங்குவினம். காந்தத் துருவத்தைச் சுத்தி இந்த ஒளி வழமையா வாற வளையத்துக்கு நேர கீழ துரொம்சோ கிடக்கிறதால கேபி 2 எண்டாலே போதும். பாக்கவேண்டியது முகில். மேற்குக் காத்து கடலில இருந்து முகிலைக் கொண்டந்து கரையில அடைச்சுப் போடும். அப்ப மலைக்கு அங்கால உள்நாட்டுப் பக்கம், ஸ்கிபொத்ன் பள்ளத்தாக்குக்கு, இரண்டு மணித்தியாலம் போல ஓடினால் அநேகமா வானம் வெளிச்சிருக்கும். அங்கயும் மூடினால் பின்லாந்து எல்லை தாண்டிக் கில்பிஸ்யார்வி. yr.no எண்ட நோர்வே வானிலைப் பக்கத்தில முகில் வரைபடத்தை மணித்தியாலத்துக்கு மணித்தியாலம் பாத்துத்தான் பாதை முடிவெடுக்கிறது.

செற்றிங் எண்டால், 14 இலிருந்து 24 மில்லிமீற்றர் அகல லென்ஸ், அபேச்சர் 2.8 அல்லது அதைவிடத் திறந்தது, ஐஎஸ்ஓ 1600 இலிருந்து 3200. ஒளி மெதுவா அசைஞ்சால் எட்டுப் பத்துச் செக்கன். தலைக்கு மேல ஆடத் தொடங்கினால் இரண்டு மூண்டு செக்கனுக்கு இறக்கவேணும், இல்லாட்டி ஒளியின்ர திரைச்சீலை மடிப்பெல்லாம் கரைஞ்சு பச்சைப் புகையாகிப் போகும். கமரா சுருக்கித் திருத்தாத ரோ ஃபைலிலதான் எடுக்கிறது. இருட்டுக்குள்ள கமராத் திரை மினுங்கும், படம் நல்ல வெளிச்சமா வந்திருக்கு எண்டு கண் ஏமாந்திடும். திரையின்ர வெளிச்சத்தைக் குறைச்சிட்டு வெளிச்ச அளவைக் காட்டுற ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பார்.

கனபேருக்குப் பிழைக்கிறது போக்கஸ். லென்ஸில இருக்கிற முடிவிலிக் குறி சரியா இருக்காது. மனுவலில போட்டு, பிரகாசமான வெள்ளி (நட்சத்திரம்) ஒண்டைத் திரையில பத்து மடங்கு பெருப்பிச்சு, வளையத்தை மெல்லமாத் திருப்பு. ஊதின பொட்டு சுருங்கிச் சுருங்கி ஊசிமுனையாகும். இன்னும் கொஞ்சம் போனால் திரும்ப ஊதும். அந்த ஊசிமுனைக்குத் திரும்பி வந்து வளையத்தில டேப் ஒட்டிவிடு. குளிரில லென்ஸ் சுருங்கிறதால மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திரும்பப் பாக்கவேணும்.

முன்னால பாதுகாப்புக்கெண்டு போடுற ஃபில்டரைக் கழட்டிப்போடு. இந்தப் பச்சை 557.7 நானோமீற்றர் எண்ட ஒற்றை அலைநீளத்தில வாறது. ஒற்றை நிற வெளிச்சம் தட்டைக் கண்ணாடியின்ர இரண்டு பக்கத்திலயும் தெறிச்சு ஒண்டோட ஒண்டு மோதேக்க படத்தின்ர நடுவில வட்டம் வட்டமா வரி விழும். பிறகு என்ன செய்தும் அது ஒழுங்காப் போகாது.

ஒளியின்ர கீழ்விளிம்பு ஏறத்தாழ 100 கிலோமீற்றர் உயரத்தில நிக்குது. அதைக் கண்டுபிடிச்சதே கமராவாலதான். இஞ்ச வடக்கு நோர்வேயில இருக்கிற அல்தாவில, 1892 இல, மார்ட்டின் பிரெண்டல் முதல்முதல் இந்த ஒளியைப் படம் பிடிச்சார். 1910 இல கார்ல் ஸ்தோர்மர் அங்கயே வந்து, சில கிலோமீற்றர் இடைவெளியில கமராக்களை வைச்சு, தொலைபேசியில சொல்லி ஒரே நேரத்தில அமத்தி, வெள்ளிகளோட ஒப்பிட்டு உயரத்தைக் கணக்கெடுத்தார். அந்தக் குளிரில கண்ணாடித் தட்டை மாத்திக்கொண்டு! நாங்கள் பற்றறி இறங்குதெண்டு அழுகிறம்.

பற்றறி இறங்கத்தான் செய்யும். சுழியத்துக்குக் கீழ 20 பாகையில லித்தியம் பற்றறி பாதிவழியில படுத்திடும். மேலதிகமா இரண்டு மூண்டை உள்சட்டைப் பையில உடம்போட வைச்சு மாத்தி மாத்திப் போடு. படுத்தது சூடேறினால் கொஞ்சம் உயிர் வரும். மூச்சு வியூபைண்டரில பட்டால் அப்பிடியே ஐஸாகும், கண் வைக்கேக்க மூச்சை அடக்கவேணும். வீட்டுக்குத் திரும்பேக்க மெமரி காட்டை வெளியிலயே கழட்டி எடுத்திட்டு, கமராவைக் காத்துப் போகாத பிளாஸ்ரிக் பையில போட்டு மூடித்தான் உள்ளுக்குக் கொண்டுவாறது. ஈரம் பையில படியும், கமராவில படியாது. இரண்டு மூண்டு மணித்தியாலம் திறக்கப்படாது. உனக்கும் இது பொருந்தும்: ஏசி அறையில இருந்து வெக்கைக்குள்ள கமராவைத் தூக்கிக்கொண்டு ஓடினால் லென்ஸ் புகார் மூடும்.

ட்ரைபொட்டை ஆழப் பனியில ஊண்டேக்க காலை முழுக்க விரிச்சுக்கொண்டு அமத்தினால் கால் இன்னும் விரிஞ்சு மூட்டில முறியும். கொஞ்சம் ஒடுக்கி வைச்சு, நேர கீழ அமத்து. உடுப்பில பருத்தி வேண்டாம், வேர்வையை வைச்சிருந்து உடம்பை விறைக்கப் பண்ணும். உள்ளுக்குக் கம்பளி. சப்பாத்துக்கு அடியில ஆணிப்பட்டி. மலைப்பக்கம் போறதெண்டால் பனிச்சரிவு அறிவிப்பைப் பாக்காமல் போறேல்லை. 30 பாகைக்கு மேல சரிவு இருந்தால் அதுக்குக் கீழகூட நிக்கக்கூடாது. எந்தப் படத்துக்கும் அந்த விலை குடுக்கேலாது, இதில எனக்கு இரண்டாம் பேச்சில்லை.

புதுக் கமரா வாங்கட்டோ எண்டும் கேட்டாய். வாங்காதை. இஞ்ச வாற ஆக்களில விலைகூடின கமராவோட வந்து, எல்லாரும் நிக்கிற அதே தரிப்பிடத்தில நிண்டு, வானத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போறவைதான் கனபேர். பச்சை வானம் எல்லார் படத்திலயும் ஒண்டுதான். கீழ என்ன இருக்கெண்டதுதான் படம். பகலில போய் இடம் பாத்து வைக்கவேணும்: தோணி விடுற கொட்டில், உறைஞ்ச ஆறு, மீன் காயப்போடுற மரச்சட்டம். பாதி நிலவு இருந்தால் மலைக்கும் வெளிச்சம் விழும், நிலவே இல்லாட்டி மலை கறுப்பாத்தான் கிடக்கும். லொபோத்தன் தீவுகளில பெப்ரவரியில தொடங்கி மே வரைக்கும் கொட் மீனைத் தலையை வெட்டிப்போட்டுச் சோடி சோடியாக் கட்டித் தொங்கவிடுவினம். எங்கட கருவாட்டுக்குப் போடுற மாதிரி உப்பு இல்லை, குளிர்க்காத்தே காய வைக்கும். மீன் கூடுதலா இத்தாலிக்கும் தலை நைஜீரியாவுக்கும் போகுது. அந்தச் சட்டங்களுக்குக் கீழ நிண்டு எடுக்கிற படத்தில வானம் சும்மா கிடந்தாலும் படம் நிக்கும்.

உழைப்பு எண்டு கேட்டாய். படம் வித்துச் சீவிக்கிறது கஷ்டம். குளிர்காலத்தில உல்லாசப் பயணிகளைக் கூட்டிக்கொண்டு போறதிலதான் காசு. காசுக்கு ஆக்களை ஏத்திறதுக்குத் தனி அனுமதி எடுக்கவேணும். கோடையில கலியாணவீடு, கட்டிடம், பள்ளிக்கூடப் படம் எண்டு எது வந்தாலும் செய்யிறதுதான்.

நீ வைச்சிருக்கிற கமராவோட நல்ல பாரமான ட்ரைபொட் ஒண்டு வாங்கு. பண்ணைக் கடலில மீன் பிடிக்கிற களங்கண்டிக் கம்பு நிக்கிற ஒரே இடத்துக்கு, விடியுறதுக்கு அரை மணித்தியாலம் முந்தி, ஒரு மாசம் போ. வத்துப் பெருக்கு, காத்து, முகில் மூண்டையும் கொப்பியில எழுதிவை. தண்ணி அசையாத நாளில ஒரு செக்கனும், அலை அடிக்கிற நாளில 30 செக்கனும் விட்டு எடுத்துப் பார். வந்தவுடன ட்ரைபொட் காலை நல்ல தண்ணியில கழுவு, உப்பு பூட்டை அரிச்சிடும்.

லென்ஸில பூஞ்சணம் பிடிக்குது எண்டாய். இறுக்கமா மூடுற பிளாஸ்ரிக் பெட்டியில சிலிக்கா ஜெல்லோட வை, ஈரப்பதம் 40 இலிருந்து 50 வீதத்துக்குள்ள நிக்கவேணும். ஜெல் நிறம் மாறினால் திரும்பச் சூடாக்கிக் காயவைக்கலாம், ஆனால் அம்மான்ர சமையல் தாச்சியில வேண்டாம், அதுக்கெண்டு பழைய தட்டொண்டு வைச்சிரு. உள்ளுக்குப் பிடிச்ச லென்ஸை மற்றதுகளோட சேத்து வைக்காதை.

எடுத்த படங்களை வாட்ஸப்பில அனுப்பாதை, சுருக்கிப் போடும். ட்ரைவில ரோ ஃபைலாவே போட்டு லிங்கை அனுப்பு. கொப்பிப் பக்கங்களையும் சேத்து அனுப்பு.

அன்புடன்,
அண்ணா