எல்லாமே வைரஸ் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கணினி வைரஸ் பற்றி சென்ற ஞாயிறு இணைப்பில் வந்த கட்டுரையைப் படித்தேன். 'நல்ல ஆன்டிவைரஸ் போட்டுக்கொள்ளுங்கள்' என்று முடித்திருந்தார்கள். சேலம் அஸ்தம்பட்டியில் பதினெட்டு வருடமாக ஜெராக்ஸ், டிடிபி கடை நடத்துகிறேன். தினமும் நாற்பது, ஐம்பது பென்டிரைவ் என் கடையில் செருகிக் கழற்றப்படும். அந்த அனுபவத்தில் சொல்கிறேன், அது மட்டும் போதாது.

போன பங்குனியில் ஒரு ஆராய்ச்சி மாணவி அழாத குறையாக வந்தார். ஆய்வேடு மொத்தமும் பென்டிரைவில் காணாமல் போய்விட்டது என்றார். போட்டுப் பார்த்தேன். ஃபோல்டர்கள் பெயரோடு இருந்தன; ஆனால் ஒவ்வொன்றின் மூலையிலும் வளைந்த அம்புக்குறி, அளவு ஒரு கேபி, இரண்டு கேபி. வேறொரு கடையில் 'ஃபார்மட் அடித்தால் சரியாகிவிடும்' என்றிருக்கிறார்கள். நல்லவேளை, அடிக்கவில்லை. இந்த 'ஷார்ட்கட் வைரஸ்' பொதுவாக எதையும் அழிப்பதில்லை. நிஜ ஃபோல்டரை ஒளித்துவிட்டு அதே பெயரில் ஒரு போலியை வைக்கும். போலியைத் தொட்டால் முதலில் வைரஸ் ஓடும், அப்புறம் நிஜ ஃபோல்டரையும் திறந்து காட்டும். அதனால்தான் யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. 'ஆட்ரிப்' என்ற ஒரு வரிக் கட்டளை கொடுத்ததும் ஆய்வேடு வெளியே வந்தது.

ஒட்டியது எங்கே? வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன், என் கடையில்தான். முந்தின வாரம் பிரிண்ட் எடுக்க வந்திருக்கிறார். விண்டோஸ் 7 கணினி அது. 2020 ஜனவரியோடு மைக்ரோசாஃப்ட் அதற்கு வழக்கமான பாதுகாப்பு அப்டேட் கொடுப்பதை நிறுத்திக் கைகழுவிவிட்டது. பிரிண்டர் நன்றாக ஓடுகிறதே என்று நான் மாற்றாமல் வைத்திருந்தேன்.

கறாராகப் பார்த்தால் இந்த ஷார்ட்கட் வைரஸ் வைரஸே இல்லை, வார்ம். வைரஸ் இன்னொரு ஃபைலில் ஒட்டிக்கொண்டு, அதை யாராவது திறக்கக் காத்திருக்கும். வார்ம் தன்னையே நகலெடுத்துக்கொண்டு கிளம்பிவிடும். 2017 மே மாதம் இங்கிலாந்து மருத்துவமனைகளையே முடக்கிய வானாக்ரை அப்படிப்பட்டதுதான். யாரும் எதையும் கிளிக் செய்யத் தேவையில்லாமல் நெட்வொர்க் வழியே கணினிக்குக் கணினி தாவியது. அதற்கான ஓட்டையை அடைக்கும் அப்டேட் மார்ச்சிலேயே வந்துவிட்டது. போட்டவர்கள் தப்பித்தார்கள்.

வானாக்ரை ஃபைல்களைப் பூட்டிப் பணமும் கேட்டது. அப்படிப் பூட்டும் ரகத்துக்கு ரான்சம்வேர் என்று பெயர். செவ்வாய்ப்பேட்டையில் கொலுசு வியாபாரம் செய்யும் என் வாடிக்கையாளர் ஒருவரிடம் வேறொரு ரான்சம்வேர் வந்தது. "பேக்கப் இருக்குங்க" என்று தைரியமாகத்தான் இருந்தார். பார்த்தால், பேக்கப் அதே கணினியின் டி டிரைவில். அதுவும் பூட்டியிருந்தது. மூன்று வருடக் கணக்கைப் பில் புத்தகங்களைப் பார்த்து மறுபடி ஏற்றினார்கள். பேக்கப் எடுத்த ஹார்ட் டிஸ்கைக் கழற்றித் தனியே வைத்திருந்தால் அந்த வேலையே இல்லை.

இப்போதெல்லாம் முகூர்த்த மாதம் வந்தாலே எனக்குப் பயம்தான். தெரிந்தவர் எண்ணிலிருந்தே வாட்ஸ்அப்பில் கல்யாணப் பத்திரிகை வருகிறது. ஃபைல் பெயர் '.ஏபிகே' என்று முடிகிறது. பத்திரிகை படமாகவோ பிடிஎஃப்பாகவோ வரும். ஏபிகே என்றால் அது ஆப். இன்ஸ்டால் செய்து, கேட்ட அனுமதியையெல்லாம் கொடுத்தால் நமக்கு வரும் ஓடிபியை அது படித்துவிடும். இது ட்ரோஜன், வேஷம் போட்டு வருவது. "ஸ்கேன் போட்டுட்டேன் அண்ணா, ஒண்ணும் காட்டல" என்று சொல்லிக்கொண்டே ஒருவர் வந்தார். அதற்குள் அவர் கணக்கிலிருந்து பணம் போயிருந்தது. உடனே சைபர் மோசடிப் புகார் எண்ணான 1930-க்குப் போன் போடச் சொன்னேன்.

அதனால் ஒரு வேண்டுகோள். அடுத்த முறை எல்லாவற்றையும் 'வைரஸ்' என்று ஒரே மூட்டையாகக் கட்டாமல், எது எந்த வழியில் வரும் என்று பிரித்துப் போடுங்கள். ஏபிகே பத்திரிகை எப்படி இருக்கும் என்று ஒரு படமும் போட்டால் புண்ணியமாகப் போகும்.

என் கடையில் இப்போது பென்டிரைவுக்கென்றே விண்டோஸுக்குப் பதில் லினக்ஸ் போட்ட கணினி ஒன்று தனியாக இருக்கிறது. அந்த ஷார்ட்கட் வித்தை அதில் பலிக்காது. "ஏன் அண்ணா ஸ்கிரீன் வேற மாதிரி இருக்கு?" என்று தினமும் நாலு பேராவது கேட்கிறார்கள்.

இப்படிக்கு,
ஒரு ஜெராக்ஸ் கடைக்காரர்,
அஸ்தம்பட்டி, சேலம்.