அத்தையின் முதுகெலும்பு

பாளையங்கோட்டை

அன்புள்ள மகளுக்கு,

அப்பா எழுதுவது. நேற்றுத் தொலைபேசியில் நீ அழுதுகொண்டே கேட்டபோது எனக்கு வாய் எழவில்லை. மார்பை எடுத்து மூன்று ஆண்டு ஆகியும் அத்தையின் முதுகெலும்புக்குப் புற்று எப்படி வந்தது என்பதற்கு, விலங்கியல் வாத்தியாராக இருந்தவன் எழுத்திலாவது பதில் சொல்ல வேண்டும் அல்லவா?

கத்தி பட்டதால்தான் பரவியது என்று தெருவில் பேசிக்கொள்வதை நம்பாதே. அறுவைக்கு முன்பே சில செல்கள் இரத்தத்தோடு கிளம்பிப் போயிருக்கும். அவற்றில் பெரும்பாலானவை வழியிலேயே மடிந்துவிடும். ஒட்டிக்கொள்ள இடம் அமைந்த சிலவே பிழைக்கும். 1889-இல் லண்டன் அறுவை மருத்துவர் ஸ்டீபன் பேஜட், மார்பகப் புற்றால் இறந்த 735 பேரின் பரிசோதனைப் பதிவுகளை ஆராய்ந்தார். 241 பேருக்குக் கல்லீரலில் பரவியிருந்த புற்று, மண்ணீரலில் 17 பேருக்கே பரவியிருந்தது. இரத்தம் இரண்டுக்கும்தான் பாய்கிறது. ஆகவே விதை எங்கும் விழலாம், இசைந்த மண்ணில்தான் முளைக்கும் என்றார். பிசானப் பருவத்துக்கு நாற்றுப் பாவுகிற விதைநெல்லைக் கொண்டுபோய்த் திசையன்விளைப் பக்கத்துச் செம்மணல் தேரியில் தூவிப் பார்த்தவர் யாராவது உண்டா? அங்கே பனை நிற்கும், நெல் நிற்காது.

ஆனால் இந்த உவமை பாதி தூரம்தான் வரும். நெல் தன் மண்ணைத் தானே உழுவதில்லை, புற்று உழுகிறது. காயத்தை ஆற்ற வேண்டிய நார்த்திசுச் செல்களையும், கிருமியை விழுங்க வேண்டிய வெள்ளணுக்களையும் அது தன் வேலைக்குத் திருப்பிக்கொள்கிறது. ஆக்சிஜன் குறைந்தால் புதிய இரத்தக் குழாய்களை வரவழைத்து, வாய்க்கால் வெட்டிக்கொள்வதுபோல் உணவுக்கு வழி செய்துகொள்கிறது.

எலும்பில் நடப்பதுதான் என்னை மிகவும் திகைக்க வைக்கிறது. நம் எலும்பைக் கரைக்கிற செல்களும் கட்டுகிற செல்களும் ஓயாமல் வேலை செய்தபடி இருக்கின்றன. அங்கே வந்து தங்கிய மார்பகப் புற்றுச் செல்கள், கரைக்கிற செல்களை ஏவிவிடுகின்றன. எலும்பு கரையும்போது அதில் பொதிந்திருந்த, செல்களைப் பெருகத் தூண்டும் வளர்ச்சிக் காரணிகள் வெளிவருகின்றன. அவற்றை உண்டு புற்று மேலும் பெருகி, முன்னைவிட அதிகமாக ஏவுகிறது. அத்தை இரவில் புரண்டு படுக்க முடியாமல் துடிப்பது இந்தச் சுழற்சியால்தான்.

டாக்டர் எழுதியிருக்கும் சோலெட்ரோனிக் அமிலம் இதைத்தான் மறிக்கிறது. எலும்பைக் கரைக்கிற செல்களை அடக்குவதே அதன் முதல் வேலை. மண்ணுக்குப் பார்க்கிற வைத்தியம் என்று வைத்துக்கொள். அதனால் நோய் தீர்ந்துவிடாது. எலும்பு முறிவும் வலியும் குறையும். ஹார்மோன் மாத்திரையையும் விடாமல் சாப்பிட வேண்டும்.

ஒரு தடைதான் இருக்கிறது. இந்த மருந்தை ஏற்றத் தொடங்கியபின் பல்லைப் பிடுங்கினால் தாடையெலும்பு ஆறாமல் போகக்கூடும் என்பதால், சொத்தைப் பல்லை முன்பே எடுத்துவிடச் சொல்கிறார்கள். என் அக்காவோ, வெற்றிலை மெல்ல அந்தக் கடைவாய்ப் பல் ஒன்றுதான் மிச்சம், தரமாட்டேன் என்கிறாள். நான் சொல்லி அவள் எதைக் கேட்டிருக்கிறாள்? ஞாயிற்றுக்கிழமைக்குள் நீ அவளிடம் பேசு.

அன்புடன்,
அப்பா