ஒக்டோபர் இசை நாட்களுக்குத் தோள் கொடுத்தவர்களுக்கு ஒரு நன்றி மடல்

அன்பானவர்கள் எல்லோருக்கும் வணக்கம்.

கறுப்பின வரலாற்று மாதத்தை ஒட்டி தென் லண்டன் குரொய்டனில் உள்ள எங்கள் இசைப்பள்ளியில் நடந்த கச்சேரிகளும் பயிற்சிப் பட்டறைகளும் மனம் நிறைய நடந்து முடிந்தன. கடைசி நாள் மேடையில் சொன்ன நன்றி ஒரு சடங்குக்குத்தான் போதும். யார் என்ன செய்தீர்கள் என்பதை ஆற அமர எழுதிவைக்க வேண்டும் என்று பெற்றோர் குழுவில் எல்லோரும் விரும்பினோம். பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டுக்கொண்டதால் ஆளைச் சொல்லாமல் செய்த வேலையைச் சொல்கிறேன். வாசிக்கும்போது யாரைச் சொல்கிறேன் என்று உங்களுக்கே விளங்கும்.

முதல் நன்றி காசு தந்தவர்களுக்கு. இந்த முறை நாங்கள் பிடிவாதமாக நின்றது ஒரே ஒரு விஷயத்தில்தான். வந்து சொல்லித்தருகிற, பாடுகிற, வாசிக்கிற ஒவ்வொரு கலைஞருக்கும் உரிய ஊதியம் கையில் போய்ச் சேர வேண்டும். ஒக்டோபர் வந்தால் கறுப்பினக் கலைஞர்களைக் கூப்பிட்டு, "நல்ல காரியம்தானே, பிள்ளைகளுக்காகச் சும்மா செய்து தாருங்கோ" என்று கேட்பது பல இடங்களில் வழக்கமாகிவிட்டது. அது சரியில்லை. அதிலும் குரொய்டனில் அப்படிக் கேட்கவே கூடாது. கறுப்பின இசையமைப்பாளர் சாமுவேல் கோல்ரிட்ஜ்-டெய்லர் வாழ்ந்து உழைத்து இறந்த ஊர் இது.

அவரைப் பற்றி இன்னும் அறியாத பெற்றோருக்காகக் கொஞ்சம் சொல்கிறேன். 1875இல் லண்டன் ஹோல்பர்னில் பிறந்தவர். தகப்பன் சியரா லியோனில் இருந்து வைத்தியம் படிக்க வந்தவர், பிள்ளை வரப்போவது தெரியாமலே ஊர் திரும்பிவிட்டார். ஆங்கிலேயத் தாயும் தாய்வழித் தாத்தாவும் குரொய்டனில் வளர்த்தார்கள். 15 வயதில் ரோயல் இசைக்கல்லூரியில் சேர்ந்தார். 1898இல், லோங்ஃபெலோ கவிதையின் நாயகன் ஹயவாதாவின் கல்யாண விருந்தைச் சொல்லும் அவரது பெரிய பாடற்படைப்பு அரங்கேறியபோது வயது 23. அந்தப் படைப்பின் உரிமையை 15 கினிக்கு (16 பவுண்டுக்கும் குறைவான காசுக்கு) மொத்தமாக விற்றிருந்தார். அது நூறாயிரக்கணக்கில் விற்றது, நாடு முழுக்கப் பாடகர் குழுக்கள் அதைப் பாடின. விற்ற காசில் அவருக்குப் பங்கு கிடைக்கவில்லை. குடும்பத்தைக் காப்பாற்ற வகுப்பு, நடத்துனர் வேலை, போட்டிகளில் நடுவர் வேலை என்று ஓயாமல் ஓடினார். 1912 ஓகஸ்ட் கடைசியில் வெஸ்ட் குரொய்டன் ரயில் நிலையத்தில் மயங்கி விழுந்தார். சில நாட்களில் நிமோனியாவால் இறந்தார். 37 வயதுதான். இசைப் படைப்பாளிகளுக்கு உரிமைத்தொகை வசூலித்துக் கொடுக்கும் சங்கம் பிரித்தானியாவில் 1914இல் தொடங்கியதற்கு அவருக்கு நடந்ததும் ஒரு காரணம் என்பார்கள்.

இதை எல்லாம் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்துவிட்டு, சொல்லித்தந்தவரை வெறுங்கையோடு அனுப்ப எங்களுக்கு மனம் வரவில்லை. சீட்டுக்காசு எடுத்த கையோடு ஒரு பங்கைக் கொண்டுவந்து தந்த தோர்ன்டன் ஹீத் அக்காமாருக்கும், கடையில் உண்டியல் வைத்துச் சேர்த்துத் தந்த லண்டன் ரோட் பலசரக்குக் கடை அண்ணைக்கும், வேலையிடத்தில் கேட்டு உதவித்தொகை வாங்கித் தந்த தகப்பன்மாருக்கும் நன்றி. ஒவ்வொரு கலைஞருக்கும் நிகழ்ச்சி நடந்த அன்றைக்கே பணம் போய்ச் சேர்ந்தது. கணக்கை ஒரு சதம் பிசகாமல் எழுதிவைத்த கணக்காளர் தம்பிக்கும் அதில் பங்கு உண்டு.

அடுத்து பான் பட்டறை. பான் என்பது உலோகத்தைக் குச்சியால் தட்டி வாசிக்கும் கரீபியன் வாத்தியம். டிரினிடாடில் இருந்து இளம் வயதில் வந்து இந்த ஊரிலேயே நரைத்தவர் எங்கள் பான் அங்கிள். முதல் நாளே பிள்ளைகளைக் குச்சி எடுக்க விடாமல் சுற்றி உட்காரவைத்துக் கதை சொன்னார். 1880களில் பிரித்தானிய ஆட்சி டிரினிடாடில் மேளம் அடிப்பதைத் தடைசெய்தது. மக்கள் விதவிதமான நீளத்தில் மூங்கிலை வெட்டித் தரையில் இடித்துத் தாளம் எழுப்பினார்கள். பிறகு பிஸ்கட் தகரம், பெயின்ற் டின், கடைசியில் எண்ணெய் பீப்பாய். தகரத்தில் குழி விழுந்த இடத்தில் சுரம் மாறுகிறது என்று கண்டுபிடித்தவர்கள் வறுமையில் இருந்த இளைஞர்கள். 1951இல் அவர்களில் சிலர் ஒரு குழுவாகக் கப்பலேறி வந்து லண்டன் சவுத் பாங்கில், பிரித்தானிய விழாவில் வாசித்தபோது, இது எண்ணெய் பீப்பாயா என்று சனம் குனிந்து பார்த்ததாம்.

அப்புறம்தான் பான் வாத்தியத்தைத் திறந்து காட்டினார். டெனர் பான் கிட்டப் பார்த்தால் உள்வளைந்த வட்டம். விளிம்பைச் சுற்றிப் பன்னிரண்டு சுரங்கள், அவற்றுக்கு உட்பக்கத்தில் அதே சுரங்களின் மேல்ஸ்தாயி இன்னும் சிறிதாக. குச்சியின் நுனியில் ரப்பர் சுற்றியிருக்கும். ஓங்கி அடித்தால் தகரச் சத்தம், மணிக்கட்டைத் தளர்த்தி விட்டால் மணிநாதம். எங்கள் வாய்ப்பாட்டு வகுப்புப் பிள்ளை ஒருத்தி விளிம்பில் ஒன்றைத் தட்டி ச என்று பாடினாள். பக்கத்தில் இருந்ததைத் தட்டினாள், முகம் மலர்ந்து ப என்றாள். "சரி, அடுத்தது?" என்று அங்கிள் கேட்டார். தட்டிக் கேட்டு, ஒரு நிமிடம் யோசித்து, ரி என்றாள். ஒவ்வொரு சுரத்துக்கும் பக்கத்தில் அதன் ஐந்தாம் சுரமான பஞ்சமம் இருக்கும்படி வட்டத்தை அமைத்திருக்கிறார்கள் என்று மற்றப் பிள்ளைகளுக்கு அவளே விளங்கப்படுத்தினாள். யாரும் பாடம் எடுத்து அல்ல, தன் காதாலேயே அவள் அதைக் கண்டுபிடித்தாள். அங்கிள், அந்தப் பொறுமைக்கு எங்களுக்கு ஈடு சொல்லத் தெரியவில்லை.

பான் வாத்தியங்களை வாகனத்தில் ஏற்றி இறக்கித் தந்த பெடியன்களுக்கும் நன்றி. சுரம் குலையாமல் ஒவ்வொன்றையும் போர்வையால் சுற்றிக் கொண்டுவந்தீர்கள்.

காலிப்ஸோ வகுப்பு எடுத்த அக்கா, 1948 ஜூன் 22இல் விண்ட்ரஷ் கப்பலில் கரீபியனில் இருந்து வந்தவர்கள் டில்பரி துறைமுகத்தில் இறங்கியபோது டிரினிடாட் பாடகர் லோர்ட் கிச்சனர் பாடியதைப் பற்றிச் சொல்லித் தொடங்கினார். நாட்டு நடப்பைப் பாட்டாக்குவதுதான் காலிப்ஸோ என்று சொல்லி, பிள்ளைகளையே ஒரு பாட்டுக் கட்டவைத்தார். அவர்கள் எடுத்துக்கொண்ட விஷயம் மழையில் 250ஆம் நம்பர் பஸ்ஸுக்குக் காத்து நிற்பது. தமிழ்ப் பிள்ளைகளும் ஜமேக்காப் பிள்ளைகளும் கானாப் பிள்ளைகளும் அதே தரிப்பில்தானே நிற்கிறார்கள். அந்தப் பாட்டை இன்னும் வீட்டில் பாடிக்கொண்டு திரிகிறார்கள்.

கறுப்பினத் தேவாலயங்களில் பாடும் கோஸ்பல் பாடல்களின் கச்சேரிக்கு நாங்கள் முன்பே பேசிவைத்திருந்த மண்டபம் கடைசிக் கிழமையில் இல்லை என்று ஆகிவிட்டது. அன்று இரவே தேவாலயத்தைத் திறந்துவிட்ட பாஸ்டருக்கும், தங்கள் ஒத்திகை நாளை விட்டுத் தந்த பாடகர் குழு அன்ரிமாருக்கும் என்றைக்கும் கடமைப்பட்டிருக்கிறோம். சபையில் இருந்த எங்கள் ஆட்கள் முதலாம் மூன்றாம் அடிகளில் தட்டியபோது, பாட்டை நிறுத்தாமலே இரண்டிலும் நான்கிலும் தட்ட எல்லோரையும் பழக்கிய அந்த அன்ரியை மறக்க முடியாது. தாளம் போட்டே வளர்ந்த கைகள் சீக்கிரம் பிடித்துக்கொண்டன.

அந்த மாலையில் நடந்த ஒரு விஷயத்தை இங்கே பதிவுசெய்ய வேண்டும். கோல்ரிட்ஜ்-டெய்லர் 1905இல் ஆபிரிக்க, மேற்கிந்திய, அமெரிக்கக் கறுப்பின மக்களின் பாடல்களை எடுத்துப் பியானோவுக்காக 24 உருப்படிகள் எழுதினார். அதில் டீப் ரிவர் என்ற பழைய அடிமைக்காலப் பாடலும் ஒன்று. எங்கள் பியானோ வகுப்புப் பிள்ளை ஒருவன் முதலில் அதை வாசித்தான். கடைசிச் சுரம் அடங்கும் முன்பே அன்ரிமார் அதே பாடலைப் பக்கவாத்தியம் இல்லாமல் தொடங்கிவிட்டார்கள். திட்டத்தில் இல்லாதது அது. ஜோர்தான் ஆற்றைக் கடந்து வீடு சேர வேண்டும் என்ற அந்த வரி வந்தபோது, என் பக்கத்தில் இருந்த அம்மம்மா சேலைத் தலைப்பால் கண்ணைத் துடைத்தார். அவருக்கு ஆங்கிலம் அவ்வளவாக வராது. பியானோ ஆசிரியை, எவ்வளவு லேசான உருப்படிகள் இருக்க அந்தப் பையனிடம் இதை நம்பிக் கொடுத்தீர்கள். நன்றி.

ஊரைச் சுற்றி நடந்து வரலாறு சொன்ன ஊர் நடையை நடத்திய ஜமேக்கா ஆசிரியை அம்மாவுக்குத் தனி வணக்கம். பள்ளிக்கூடத்தில் இருந்து ஓய்வுபெற்றவர், ஆனாலும் குரல் ஓயவில்லை. டாக்னல் பார்க்கில் கோல்ரிட்ஜ்-டெய்லர் வாழ்ந்த வீட்டில் உள்ள நீல நினைவுப் பலகையில் தொடங்கி வெஸ்ட் குரொய்டன் நிலையத்தில் முடித்தார். 1900இல் லண்டனில் ஆபிரிக்க வம்சாவளியினர் ஒன்றுகூடிய பான்-ஆபிரிக்க மாநாட்டில் கோல்ரிட்ஜ்-டெய்லர் கலந்துகொண்டதையும், அவர் பெயரிலேயே வாஷிங்டனில் கறுப்பினப் பாடகர்கள் ஒரு குழு தொடங்கி 1904இல் அவரை அழைத்ததையும், பிரித்தானியாவில் ஒக்டோபரைக் கறுப்பின வரலாற்று மாதமாகக் கொண்டாடும் வழக்கம் 1987இல்தான் தொடங்கியது என்பதையும் நடந்துகொண்டே சொன்னார். தினமும் ரயில் பிடிக்கிற நிலையத்தில் பிள்ளைகள் நின்று அண்ணாந்து பார்த்ததை நான் முதல் தடவையாகக் கண்டேன்.

எங்கள் மிருதங்க ஆசிரியருக்கு எழுத வேண்டியது நிறைய இருக்கிறது. பான் வாத்தியத்தையும் மிருதங்கத்தையும் சேர்த்து ஒரு ஃபியூஷன் போடலாமே என்று பலர் ஆசையோடு கேட்டார்கள். "இது அவர்களுடைய மேடை, இந்த முறை நாங்கள் கேட்கப் போவோம்" என்று சொன்னது நீங்கள்தான் சேர். அது சரியான முடிவு என்று இப்போது முழுமனதோடு சொல்கிறேன். மற்றவர் இசையை முழுதாகக் கேட்டுப் பழகாமல் அதோடு நம்முடையதைக் கலப்பதில் எனக்கும் உடன்பாடில்லை. எத்தனையோ அரங்கேற்றங்களுக்கு வாசித்தவர் நீங்கள், அந்த மாதம் முழுக்கக் கதிரை அடுக்கினீர்கள், ஒலிவாங்கிக் கம்பி சுற்றினீர்கள், ஒவ்வொரு பட்டறையிலும் கடைசி வரிசையில் இருந்து கேட்டீர்கள். உங்கள் மாணவர்கள் அதைப் பார்த்தார்கள்.

சாப்பாட்டைச் சொல்லாமல் விட்டால் சமையலறைக்குள் இனி என்னை விடமாட்டார்கள். றோல்ஸும் கடலையும் செய்து தந்த அம்மாமாருக்கும், ஜொலோஃப் சோறு கொண்டுவந்த நைஜீரியா அக்காவுக்கும், ஜேர்க் கோழி வாட்டித் தந்த அண்ணைக்கும், அலுக்காமல் தேத்தண்ணி ஊற்றிய இளையோருக்கும் நன்றி. ஒலி, ஒளி, படம், சுவரொட்டி, வாகனத் தரிப்பிடம் பார்த்த எல்லோருக்கும், பிள்ளைகளை நேரத்துக்குக் கொண்டுவந்த பெற்றோருக்கும் நன்றி.

ஊதியம் எல்லாம் கொடுத்த பிறகும் கொஞ்சம் பணம் மிஞ்சியிருக்கிறது. அதோடு இந்தத் தவணை முடியும்வரை சனிக்கிழமைகளில் பான் வகுப்பைத் தொடர அங்கிள் சம்மதித்திருக்கிறார், வழக்கமான ஊதியத்துக்கு. கருவிகளைப் பள்ளியிலேயே வைத்திருக்கலாம் என்றும் சொல்லிவிட்டார். காலை பத்து மணிக்கு வகுப்பு, எல்லா வயதினரும் வரலாம். கணக்கு விவரம் அலுவலக அறிவிப்புப் பலகையில் ஒட்டியிருக்கிறது. காசு தந்தவர்கள் வந்து பார்க்கும்படி கேட்டுக்கொள்கிறேன்.

அன்புடன்,
பெற்றோர் குழு சார்பில் ஒரு தாய்,
குரொய்டன்