மாத்திரையைப் பருப்பு டப்பாவில் ஒளித்தவள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். எச்.ஐ.வி. வராமல் தடுக்க ஆறு மாதத்துக்கு ஒருமுறை போடும் லெனகாபவிர் ஊசி பற்றிய கட்டுரையைப் படித்தேன். தென்னாப்பிரிக்காவிலும் உகாண்டாவிலும் நடந்த சோதனையில் அந்த ஊசி போட்டுக்கொண்ட 2,134 பெண்களில் ஒருவருக்குக்கூடத் தொற்று வரவில்லை என்ற 2024ஆம் ஆண்டுச் செய்தி மனதை நிறைத்தது. அதற்கு முன் எங்கே சறுக்கினார்கள் என்பதையும் எழுதியிருக்கலாம்.

2009இல் அதே இரண்டு நாடுகளிலும் ஜிம்பாப்வேயிலும் எச்.ஐ.வி. தடுப்பு மருந்துகளைச் சோதிக்கும் 'வாய்ஸ்' ஆய்வு தொடங்கியது. 5,029 பெண்கள். சிலருக்குத் தினம் ஒரு மாத்திரை, சிலருக்குப் பிறப்புறுப்பில் தடவும் ஜெல். தவறாமல் பயன்படுத்துகிறோம் என்றார்கள் பெண்கள். மிச்ச மாத்திரைகளை எண்ணினால் கணக்கும் சரியாகவே வந்தது. ரத்தத்தைச் சோதித்தால், மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவான மாதிரிகளில்தான் மருந்து இருந்தது. நோயாளிகள் சாப்பிடும் மாத்திரை கையில் இருந்தால் நமக்கும் நோய் என்று ஊர் பேசுமே என்ற பயம் ஒரு பெரிய காரணம்.

அந்தப் பெண்களைக் குறை சொல்ல எனக்கு மனம் வரவில்லை. கிராம சுகாதார செவிலியராக 31 வருஷம் வேலை பார்த்தவள் நான். கருத்தடை மாத்திரை அட்டையைத் துவரம்பருப்பு டப்பாவுக்குள் புதைத்து வைத்திருந்த ஒரு பெண் அதை என்னிடமே திருப்பிக் கொடுத்தாள். நான்கு மாத்திரைதான் குறைந்திருந்தது. "அத்தை டப்பாவைக் கழுவ எடுத்துட்டாங்க நர்சம்மா" என்றாள். மாத்திரையில் எந்தக் குறையும் இல்லை. அதை வைக்க அந்த வீட்டில் அவளுக்கென்று ஓர் இடம் இல்லை.

'வாய்ஸ்' தந்த பாடத்துக்குப் பிறகு கேட்கும் விதம் மாறியது. கென்யாவின் கிசுமுவிலும் தென்னாப்பிரிக்காவின் சோஷங்குவேயிலும் 18 முதல் 30 வயது வரையிலான 277 பெண்களிடம் மாத்திரை, பிறப்புறுப்புக்குள் வைத்துக்கொள்ளும் வளையம், ஊசி மூன்றையும் மருந்தில்லாமல் கொடுத்தார்கள். கர்ப்பம், எச்.ஐ.வி. இரண்டையும் ஒன்றாகத் தடுக்கும் பொருள் எந்த வடிவில் வந்தால் பிடிக்கும் என்பதுதான் கேள்வி. ஒவ்வொன்றையும் ஒரு மாதம் பயன்படுத்திப் பார்த்துவிட்டுப் பெரும்பாலோர் ஊசியைத் தேர்ந்தெடுத்தார்கள். ஆனால் மாத்திரை, வளையம் இரண்டை மட்டும் 16 முதல் 21 வயதுப் பெண்களுக்குக் கொடுத்த இன்னொரு ஆய்வில், மூன்றில் இரண்டு பேர் வளையத்தை எடுத்துக்கொண்டார்கள். கையில் கொடுத்துப் பார்க்காமல் இதெல்லாம் தெரிய வராது.

சரி, நம் ஊருக்கு வருவோம். தமிழ்நாட்டில் திருமணமான பெண்களில் கிட்டத்தட்ட 58 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள் என்கிறது 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பு. அந்த ஆபரேஷன் எந்தத் தொற்றையும் தடுக்காது. லாரி ஓட்டுபவரின் மனைவி ஒருத்தி இதைத்தான் என்னிடம் கேட்டாள்: "குழந்தைக்குத் தடை போட்டாச்சு. நோய்க்கு என்ன பண்றது?" நிரோத் கொடுத்தேன். அடுத்த வாரமே திரும்பி வந்துவிட்டது. "என்னைச் சந்தேகப்படுறியா?" என்று கணவர் கத்தினாராம். அவர் சம்மதம் இல்லாமல் அவளே பயன்படுத்தக்கூடிய ஒன்று அன்று என் பையில் இல்லை.

2017 முதல் மூன்று மாதத்துக்கு ஒருமுறை போடும் அந்தரா ஊசியும், முதல் மூன்று மாதம் வாரம் இருமுறையும் பிறகு வாரம் ஒருமுறையும் சாப்பிடும் சாயா மாத்திரையும் அரசுத் திட்டத்தில் இருக்கின்றன. நல்லதுதான், ஆனால் இவையும் கர்ப்பத்தை மட்டுமே தடுப்பவை. பாதியில் நிறுத்தியவர்கள் ஏன் நிறுத்தினார்கள்? நான் பதிவேட்டில் 'விருப்பமில்லை' என்று எழுதியதோடு சரி. அதற்கு மேல் கேட்கவில்லை என்பது இன்றும் உறுத்துகிறது.

புதன்கிழமை தடுப்பூசிக்குத் தாய்மார்கள் வருவார்கள். உங்கள் பெண் நிருபர் ஒருவரை அன்று ஒரு துணை சுகாதார நிலையத்துக்கு அனுப்பி, மாமியார்கள் பக்கத்தில் இல்லாத நேரமாகப் பார்த்து அவர்களிடம் பேசச் சொல்லுங்கள். அவர்கள் சொல்வதை அப்படியே வெளியிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதார செவிலியர்,
திருவண்ணாமலை மாவட்டம்