அப்பாவின் 16ஆம் நாள் காரியம்

அனைவருக்கும் வணக்கம். அப்பாவின் 16ஆம் நாள் காரியம் வரும் ஞாயிறு காலை 10 மணிக்கு, சுங்கை சிப்புட் வீட்டில். பகல் சாப்பாடு உண்டு.

தொண்ணூறைத் தாண்டியவர், கல்யாணச் சாவுதான். ஆனாலும் வீடு வெறிச்சென்று இருக்கிறது.

இளையவர்களுக்காக ஒன்று: தாத்தா பொம்பாவில் (மலேசியத் தீயணைப்புப் படையில்) சேர்ந்தபோது அது இன்னும் மத்திய அரசின் கீழ் வரவில்லை, 1976இல்தான் வந்தது. அதற்கு முன் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். பொம்பாவுக்குப் போன பிறகும் இரவு வேலை முடிந்து வந்து, அம்மாவின் நிரையில் (அவருக்கான மர வரிசையில்) பால் எடுக்கப் போய்விடுவார். தூக்கம் எப்போது என்று கேட்டால், "பென்ஷன் வாங்கியதும்" என்பார். வாங்கிய பிறகும் தூங்கவில்லை, மாடு வாங்கினார்!

அவர் போட்ட முடிச்சை யாராலும் அவிழ்க்க முடியாது. கொடிக்கயிறோ மாட்டுக்கயிறோ, எல்லாம் பொம்பா முடிச்சுதான். அவரே வந்து நுனியை ஒரு இழு இழுத்தால் சட்டென்று கழன்றுவிடும். பின்கட்டில் அவர் கட்டிய கொடி இன்னும் அப்படியே இருக்கிறது.

தீபாவளிக்கு வாசலில் மணல் வாளி வைக்காமல் ஒரு மத்தாப்பு கொளுத்த விட்டதில்லை. அதற்கு அப்போது முறைத்தவர்கள் இந்தக் குழுவிலேயே பலர் (நானும்தான்).

சீருடையோடு அவர் இருக்கும் பழைய படம் யாரிடமாவது இருந்தால் இங்கே போடுங்கள்.

அப்புறம், வண்டிகளைத் திடலில் நிறுத்துங்கள். சந்தில் வழியை அடைத்து நிறுத்தினால், தீயணைப்பு வண்டி எப்படி நுழையும் என்று அப்பா சத்தம் போட்டிருப்பார்.